'பெம்பிளை ஒருமை': போதாமை யாருடையது?

தன்னிடம் ஏதோ குறைகிறது என்ற எண்ணம் பெரும்பாலும் தனிமனிதரின் மனக்குறையாகவே பேசப்படுகிறது. அந்த எண்ணத்தை விளைவிக்கும் ஏற்பாடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2015 செப்டம்பரில் இடுக்கி மாவட்டம் மூணாறில் நடந்த வேலைநிறுத்தம் அதற்குச் சான்று.

கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். தலைமுறைகள் கடந்தும் லயத்து வீடு வேலையோடு பிணைந்தே இருந்தது. வேலை முடிந்தால் வீடும் இல்லை. கொளுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுள் மிகப் பலர் தலித்துகள். ஒருத்தியின் ஒரு நாள் உழைப்பு போதுமா என்பதைத் தராசு தீர்மானித்தது. கூலி பேசும் மேசையில் தொழிற்சங்க ஆண்கள் அமர்ந்தனர். மாநிலத்தின் ஆட்சிமொழி அவளது தாய்மொழி அன்று. மாலையில் லயத்தில் சமையலும் பிள்ளைகளும் காத்திருந்தன. தோட்டம், சங்கம், அலுவலகம், இல்லம் ஆகிய நான்கு இடங்களிலும் அவளை அளந்தவர் வேறொருவர்.

அவ்வாண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நாட்கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் சங்கத் தலைவர்களை விலக்கிவைத்து, மூணாறின் சாலையில் அமர்ந்தனர். ஒன்பது நாட்களில் 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. கேட்ட 500 ரூபாய்க் கூலி கிடைக்கவில்லை; அக்டோபரில் அது 301 ரூபாயாக உயர்ந்தது.

இயக்கத்தின் பெயர் கவனத்திற்குரியது. 'பெம்பிளை' என்பது 'பெண்பிள்ளை' என்பதன் பேச்சு வடிவம். 'பொம்பளை' என்று இழித்துக் கூறவும் பயன்படும் சொல்லின் உடன்பிறப்பு. 'ஒருமை' தமிழ் இலக்கணத்தில் தனி ஒருவரைக் குறிக்கும் எண். ஒற்றுமை என்ற பொருளும் அதற்கு உண்டு. தனித்தனியே குறைவாக மதிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடியபோது, அச்சொல்லின் இரு பொருள்களும் ஓரிடத்தில் சந்தித்தன. 'நான் போதாதவள்' என்ற வாக்கியத்தின் எழுவாய் மாறியது: போதாதது கூலி.

அதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அவ்வாண்டின் உள்ளாட்சித் தேர்தலில் இயக்கத்தினர் சில இடங்களை வென்றனர். பின்னர் இயக்கம் பிளவுபட்டது. லயங்களும் தராசும் அங்கேயே இருக்கின்றன. எனினும் அந்த ஒன்பது நாட்கள் ஒரு முறையைக் கற்பிக்கின்றன. பணியிடத்திலோ நட்பிலோ மணவாழ்விலோ ஒருவர் தம்மைக் குறைவாக உணரும்போது, தம்மைத் திருத்த முனைவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: அளவுகோல் யார் கையில் இருக்கிறது? அதே அளவுகோலால் அளக்கப்படும் மற்றவர்கள் யார்? இரண்டாம் கேள்விக்கு விடை தேடுவோர் தனிமையிலிருந்து விடுபடத் தொடங்குகின்றனர்.