ரமலான் சரக்கும் ஜெபல் அலி கிடங்கும்

வளைகுடா உணவுப்பொருள் வணிகர்களுக்கு ரமலான் மிக முக்கியமான விற்பனைப் பருவமாகும். ஆனால், ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறுகியது. 2030ஆம் ஆண்டில் ஜனவரி, டிசம்பர் என இருமுறை ரமலான் தொடங்கவுள்ளது. எனவே, 2016இல் ஜூன் மாத வெயிலில் தொடங்கிய நோன்பின் விற்பனைக் கணக்கைக் கொண்டு, குளிர்கால நோன்புக்கான குளிர்பானத் தேவையைக் கணிக்க இயலாது.

கூடுதலாக வாங்கினால், பெருநாளுக்குப் பின் தள்ளுபடியில் தள்ளிவிட வேண்டும். குறைவாக வாங்கினாலோ, மறுசரக்கு கப்பலில் வந்து சேர்வதற்குள் மாதமே முடிந்துவிடக்கூடும்.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது, துபாயில் 1985இல் நிறுவப்பட்ட ஜெபல் அலி சுதந்திர வர்த்தக வலயம். அங்குள்ள சரக்கு உள்ளூர்ச் சந்தைக்குள் நுழையும்வரை சுங்க வரி இல்லை. ஆகவே, சரக்கில் ஒரு பகுதியை எந்த நாட்டுக்கென்றும் ஒதுக்காமல் நிறுத்திவைத்து, முதல் வார விற்பனையைப் பார்த்தபின், தட்டுப்பாடு எங்கோ அங்கே, மஸ்கட்டுக்கோ ரியாத்துக்கோ, லாரியில் அனுப்பலாம். எல்லா நாடுகளிலும் கணிப்பு ஒரே திசையில் தவறுவது அரிது.

கிடங்கு வாடகை தனிச் செலவுதான். தவிர, பேரீச்சம்பழத்துக்குக் கைகொடுக்கும் இந்த ஏற்பாடு தயிருக்கு உதவாது.