உந்தலும் ஓடலும்

கார் என்று எதைச் சொல்வது? விளையாட்டான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் 1960களில் இக்கேள்விக்கான விடை மாறியபோது, ஒரு மனிதரின் பல்லாண்டு உழைப்பு வரலாற்றின் அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போனது.

தரைவேகச் சாதனைகளை அங்கீகரித்துவந்த பன்னாட்டு மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் விதி தெளிவானது: வாகனத்துக்கு நான்கு சக்கரங்கள் வேண்டும், அவற்றுள் இரண்டையாவது எஞ்சின் சுழற்ற வேண்டும். இங்கிலாந்தின் டொனால்ட் கேம்பெல் இதற்குக் கட்டுப்பட்டே தம் 'புளூபேர்ட்' காரை உருவாக்கினார். ஜெட் விசையை அவர் அறியாதவரல்லர். 1955 முதல் ஜெட் படகில் நீர்வேகச் சாதனைகள் நிகழ்த்தியவர். எனினும் தரைக்குரிய விதியை மதித்து, டர்பைன் எஞ்சினின் ஆற்றலைத் தண்டுகள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தினார். 1960இல் அமெரிக்காவின் பொன்வில் உப்புவெளியில் நேர்ந்த விபத்தில் அவரது மண்டையோடு விரிசல் கண்டது. 1963இல் ஆஸ்திரேலியாவின் ஐர் ஏரியில் மழைவெள்ளம் முயற்சியைக் கெடுத்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, கிரெய்க் பிரீட்லவ் என்னும் 26 வயது அமெரிக்கர், போர் விமான ஜெட் எஞ்சின் பொருத்திய மூன்று சக்கர வண்டியில் பொன்வில்லில் மணிக்கு 655 கி.மீ. வேகத்தை எட்டினார். சக்கரங்கள் வெறுமனே உருண்டன. பின்னோக்கிப் பீறிட்ட வெப்பக்காற்றே வண்டியை உந்தியது. கூட்டமைப்பு அதைக் கார் என ஏற்கவில்லை. மோட்டார் சைக்கிள்களுக்கான கூட்டமைப்புதான் தன் ஏட்டில் பதிந்துகொண்டது.

1964 ஜூலை 17. ஈரம் உலராத ஐர் ஏரிப் படுகையில் சக்கரங்கள் புதைந்து தடம் பதிக்க, கேம்பெல் 648 கி.மீ. வேகம் கண்டார். விதிப்படி அதுவே உலகச் சாதனை. ஆனால் உலகம் அதைவிடப் பெரிய எண்ணை ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தது!

அவ்வாண்டு அக்டோபரில் மட்டும் பொன்வில்லில் மூன்று ஜெட் வண்டிகள் ஐந்து முறை சாதனையைத் திருத்தி எழுதின. பழுதென்று கழிக்கப்பட்ட விமான எஞ்சினை வாங்கித் தாமே செப்பனிட்ட ஆர்ட் ஆர்ஃபன்ஸ், மாத இறுதியில் 863 கி.மீ. தொட்டார். ஆண்டு முடிவதற்குள் கூட்டமைப்பு இறங்கிவந்து ஜெட் வண்டிகளுக்கும் இடமளித்தது.

இதைத் தவறென்று கூறமாட்டேன். ஆயினும், மாறியது விதி மட்டுமன்று, கேள்வியும்தான். சக்கரம் மண்ணை எவ்வளவு இறுகப் பற்ற முடியும் என்பது பழைய கேள்வி. பிடி நழுவினால் எஞ்சின் ஆற்றல் வீண். ஜெட் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. மண்ணை விட்டு எழாமல் இருப்பதே அதன் கவலை. 1997 அக்டோபர் 15 அன்று நெவாடாவின் பிளாக் ராக் பாலையில் பிரிட்டனின் 'த்ரஸ்ட் எஸ்எஸ்சி' ஒலியின் வேகத்தைக் கடந்து 1227.985 கி.மீ. கண்டது. இன்றுவரை முறியடிக்கப்படாத அச்சாதனையை நிகழ்த்திய ஆண்டி கிரீன் ஒரு போர் விமானி என்பது தற்செயலன்று.

கேம்பெல் 1967 ஜனவரி 4 அன்று கோனிஸ்டன் ஏரியில் இறந்தார். அவரது ஜெட் படகு நீர்ப்பரப்பை விட்டு மேலெழும்பிக் கவிழ்ந்தது. தரையில் அவர் விதிக்குப் பணிந்து விலக்கி வைத்த அதே விசை, நீரில் அவரைக் கொண்டுபோனது. சாதனைப் பட்டியல்கள் 648ஐயும் 1227ஐயும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றன. முன்னது ஓடியது, பின்னது உந்தப்பட்டது.