எந்த உறுப்பு மூலம்? சென்னை ஹெரால்டும் சங்கரன்கோவில் அம்பாசிடரும்

பழைய கார் ஒன்றின் உறுப்பு மூலமானதா என்று தீர்ப்பவர்கள் பெரும்பாலும் அதன் ஆங்கில முன்மாதிரியோடுதான் ஒப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கார்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்பதே என் வாதம்.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு வலுவான சான்று. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு 948 சி.சி. எஞ்சினோடு தொடங்கி 1147, பின்னர் 1296 சி.சி. என வளர்ந்தது. சென்னைக் காரோ 948-ஐ விட்டு நகரவில்லை. 1960களின் இறுதியில் இங்கே வந்த மார்க் 3-க்கு நான்கு கதவுகள். இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு செய்யப்படவே இல்லை. அங்கிருந்து 1296 எஞ்சினை வரவழைத்து இதில் பொருத்தினால், எந்தத் தொழிற்சாலையிலும் பிறவாத ஒரு காரே மிஞ்சும்.

மின் உறுப்புகளும் இப்படித்தான். இறக்குமதிக் கட்டுப்பாட்டாலும் உள்நாட்டு உற்பத்தியை வலியுறுத்திய அரசுக் கொள்கையாலும் உதிரிபாகங்கள் ஒவ்வொன்றாக இங்கேயே தயாராகத் தொடங்கின. சென்னையை அடுத்த பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலை எழுந்தது அக்காலத்தில்தான். அந்தப் பெயர் பொறித்த டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு ஆங்கில டைனமோவைத் தேடி மாட்டுபவர், தம் காரின் பிறப்புச் சான்றையே அழிக்கிறார். தொடக்க ஆண்டுக் கார்களில் இறக்குமதி உறுப்பும் மூலமாக இருக்கலாம். ஆகவே ஆண்டை உறுதிசெய்த பிறகே உறுப்பைப் பற்றிப் பேசவேண்டும். பிற்கால நகல்களைப் பல நேரம் மரையே காட்டிக்கொடுத்துவிடும்: ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை, மெட்ரிக்கில் அல்ல.

தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பின் நேர்ந்த மாற்றங்களை எப்படிக் கொள்வது? இது இன்னும் கடினமான கேள்வி. சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் வாடகைக்கு ஓடிய, பெட்ரோல் எஞ்சினோடு வந்த அம்பாசிடர் டீசலுக்கு மாறியது பிழைப்புக் கணக்கால். மத்திய அரசின் 2021 விதிப்படி, விண்டேஜ் வாகனம் 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. டீசலுக்கு மாற்றிய கார் அங்கே தகுதி இழக்கும். சட்டத்துக்கு ஒரு கோடு தேவை என்பதை ஏற்கிறேன். ஆய்வுக்கு அது போதாது.

ஆய்வுக்கு வழிகாட்டும் வழக்கு ஒன்று உண்டு. 1929, 1930 ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி 'ஓல்டு நம்பர் ஒன்' பற்றி 1990-இல் ஆங்கில நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சேசிஸ் உட்படப் பல பாகங்கள் மாறியிருந்தும், அதன் வரலாற்றுத் தொடர்ச்சி அறுபடவில்லை என்பதால் அதுவே உண்மையான கார் என்று நீதிபதி ஆட்டன் ஏற்றார். மூலமும் உண்மையும் வேறு வேறு என்ற இத்தெளிவு நமக்கும் வேண்டும். அம்பாசிடரின் டீசல் எஞ்சின் மூலமன்று. அந்தக் கார் வாழ்ந்த வாழ்வுக்கு அது உண்மையான ஆவணம். பெட்ரோல் எஞ்சினை மீண்டும் ஏற்ற விரும்புபவர் தாராளமாக ஏற்றட்டும். ஆனால் டீசல் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடாமல், மாற்றத்தைப் பதிந்த பழைய ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துக் காரின் உடைமையாகவே வைத்திருக்க வேண்டும்.