சட்டைப் பையில் ஒரு பட்டறை



பல அலகுகள் கொண்ட மடக்குக் கத்தியை வைத்திருப்போர் பலர். அவ்வலகுகளுள் எத்தனை நாள்தோறும் உதவுகின்றன என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே. சுவிற்சர்லாந்துப் படைக்கத்தியின் வரலாறு இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகின்றது.

அக்கத்தி பிறந்தது ஒரு துப்பாக்கியின் பொருட்டு. 1889ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படை ஏற்றுக்கொண்ட புதிய துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கத் திருப்புளி வேண்டியிருந்தது. களத்து உணவோ தகரப் பேணிகளில் அடைபட்டு வந்தது. ஆதலின், வெட்டும் அலகு, திருப்புளி, பேணி திறக்கும் அலகு, துளையிடும் குத்தூசி ஆகிய நான்கையும் ஒரே மரப்பிடியுள் மடித்து வைத்த கத்தியொன்றைப் படையினர் வேண்டினர். அழகுக்கென்று அதில் ஒன்றுமில்லை.

ஆயின், வேண்டிய தொகையை விரைந்து செய்து கொடுக்கவல்ல தொழிற்சாலை அந்நாட்டில் அன்று இல்லை. முதற் கத்திகள் ஜேர்மனியிலுள்ள சோலிங்கன் நகரிலிருந்தே வந்தன. ஈபாக் என்னும் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்செனர் இதனைப் பொறுத்திலர். வேலையின்றிப் பலர் நாட்டைவிட்டுக் கடல் கடந்த காலம் அது. அவர் கத்தித் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டி, 1891இல் உள்நாட்டுக் கத்தியைப் படைக்கு வழங்கினார். சோலிங்கன் ஆலைகளோ மலிவாக விற்றன. கூட்டாளிகள் விலகினர்; எல்செனர் கடனில் ஆழ்ந்தார். உறவினர் கைகொடுத்தமையாலேயே பட்டறை பிழைத்தது.

மீட்சிக்கு வழி செய்தது 1897இல் அவர் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தி. ஒரே வில்லைக் கொண்டு பிடியின் இரு பக்கத்துக் கருவிகளையும் இறுக்கி நிறுத்தினார். கத்தி பருக்காமலே கருவிகள் பெருகின. சிறிய அலகொன்றும் தக்கை திருகியும் சேர்ந்தன. போத்தல் திறக்கும் கடமை அதிகாரிகளுக்கே உரியது போலும்! படை அதனை வழங்கவில்லை. அதிகாரிகள் தம் பணத்திலேயே வாங்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் போர்வீரர் அதனை விரும்பி வாங்கிச் சென்றதால் அதன் பெயர் உலகெங்கும் பரவிற்று.

பின்னர் வாள், கத்தரிக்கோல், உருப்பெருக்கிக் கண்ணாடி என்று கருவிகள் பெருகி, கத்தி சட்டைப் பைக்கு அடங்காத பருமனும் எய்தியது. எனது கணிப்பில், வெட்டும் அலகும் திருப்புளியும் நாள்தோறும் உதவும், கத்தரிக்கோல் வாரம் ஒருமுறை, ஏனையவை சுமையே. பூட்டில்லாத குத்தூசியை வலிந்து அழுத்தினால் அது மடங்கி விரலையும் பதம் பார்க்கும்.

2008ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்துப் படை தன் வீரர்க்கெனப் புதிய கத்தியைத் தேர்ந்தபோது, ஒரு கையாலேயே திறந்து பூட்டத்தக்க அலகையும் மரம் அறுக்கும் வாளையும் கேட்டுப் பெற்றது. தக்கை திருகியை அப்பொழுதும் சேர்க்கவில்லை.