பொடுதலையும் புல்தரையும்

ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நாம் மிதித்துச் செல்லும் பூண்டு பொடுதலை. கணுதோறும் வேர்விட்டு நிலத்தோடு ஒட்டிப் படரும். வெள்ளையும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் கொத்தாய் மலரும். பொடுகுக்கு அதன் சாற்றை எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பது பாட்டிமார் கைமுறை. 1753இல் லின்னேயஸ் தம் நூலில் இதற்குப் பெயரிட்டார். இது நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டெக்சாஸ், புளோரிடா மாநிலங்களுக்கும் சொந்தச் செடியே. எனினும் அங்கும் நெடுங்காலம் களையென்றே பிடுங்கியெறியப்பட்டது.

காரணம், புல்தரை மோகம். வீட்டு முன்றிலில் புல் வளர்ப்பது ஆங்கிலப் பிரபுக்களின் வழக்கம். புல்லைக் கையால் ஒட்ட அறுக்க ஆட்கள் பலர் வேண்டியிருந்தமையால் அது செல்வர்க்கே இயன்றது. 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் பொறியை அமைத்தபின் நடுத்தர மக்களுக்கும் கைகூடிற்று. அமெரிக்கர் விரும்பிய புல்வகை ஒன்றின் பெயர் கெண்டகி நீலப்புல். பெயரில்தான் கெண்டகி, பிறப்போ ஐரோப்பாவும் ஆசியாவும்! தண்ணீருக்கு அலையும் டெக்சாஸ் கோடையில் இத்தகைய அயற்புல்லுக்கு நாள்தோறும் நீர் இறைத்ததை என்னென்பது?

மனமாற்றத்துக்கு வழிகோலியவருள் ஒருவர் குடியரசுத் தலைவர் ஜான்சனின் மனைவியார் லேடி பேர்ட் ஜான்சன். 1965இல் நெடுஞ்சாலைகளை அழகுபடுத்தும் சட்டத்துக்கு அவர் முன்னின்று உழைத்தார். 1982இல் நடிகை ஹெலன் ஹேசுடன் சேர்ந்து ஆஸ்டின் நகரில் காட்டுமலர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். நடுவணரசின் நெடுஞ்சாலைப் பசுமைப் பணிக்கான பணத்தில் நூற்றுக்குக் கால் பங்கேனும் மண்ணுக்குரிய மலர்களுக்கே என 1987இல் சட்டம் வந்தது. நூற்றுக்குக் கால் பங்கு சிறு தொகைதான்; ஆனால் களைக்கு அரசு மதிப்பளித்ததே பெரிது. இன்று பொடுதலை அங்கு நாற்றுப் பண்ணைகளில் விலைக்கு விற்கிறது. வறட்சியையும் நீர்த்தேக்கத்தையும் அது தாங்கும். கால் மிதிக்கும் அஞ்சாது. கடும்பனியில் பழுப்பேறுவதே குறை. சில பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு அதன் இலையே உணவு.

சொந்த மண் என்பதன் பொருளை ஆஸ்திரேலியா கேடுற்றே அறிந்தது. பொடுதலைக்கு நெருங்கிய உறவான, தென் அமெரிக்காவில் பிறந்த லிப்பியா என்னும் செடியை அங்குப் புல்தரைக்கு மாற்றாக நட்டனர். அதுவும் கணுதோறும் வேர்விடுவதே. தோட்டத்தைத் தாண்டி மர்ரே-டார்லிங் ஆற்றுச் சமவெளிகளை எட்டியது. வெள்ளம் அதன் துண்டுகளைச் சுமந்து சென்று இறக்கிய இடமெல்லாம் வேரூன்றி, கால்நடைகள் மேயும் புற்களை மூடிவிட்டது.