இசைத்தட்டின் உறை: ஒரு வரலாற்றுச் சான்று

இசைத்தட்டு என்றதும் மூத்தோர் முகம் மலர்வதைக் காண்கிறோம். ஊசி உரசும் ஒலி, பக்கம் முடிந்ததும் தட்டைப் புரட்டிப்போட எழுந்த மாலைப்பொழுது என நினைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த ஏக்கம் இயல்பானது, மதிக்கத்தக்கது. இவ்வுரையிலோ தட்டைச் சுற்றியிருந்த தாளையும் அட்டையையுமே நாம் பெரிதும் பார்க்கவிருக்கிறோம். பாடலைக் கணினியிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். கிழித்தெறிந்த அட்டையை மீட்பது அரிது.

கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவில் இந்தியப் பாடகர்களைப் பதிவு செய்தார். 1903இல் சிங்கப்பூரிலும் பதிவு நடத்தினார். அக்காலத் தட்டு அரக்கினால் ஆனது. நிமிடத்திற்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். உறையோ நடுவில் வட்டமாகத் துளையிட்ட முரட்டுத்தாள். துளையின் வழியே தெரியும் வட்டச்சீட்டைப் படித்துத்தான் பாடலை அறியவேண்டும். தாளின்மீது நிறுவனத்தின் விளம்பரமோ, தட்டை விற்ற கடையின் பெயரும் தெருவுமோ இருக்கும். இசை ஆர்வலருக்கு இது ஏமாற்றமே. ஊர் வரலாறு தேடுவோருக்கு அந்தத் தெருப்பெயர் ஒன்றே போதும்.

'ஆல்பம்' என்ற சொல்லும் தாளிலிருந்து வந்ததே. பல அரக்குத் தட்டுகளைப் புகைப்படத் தொகுப்பேடுபோல் ஒன்றாகக் கட்டி விற்றமையால் அப்பெயர் அமைந்தது. 1939இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் ஓவியர், வெறும் அட்டையாயிருந்த அதன் முகப்பில் படம் தீட்டத் தொடங்கினார். 1948இல் அதே நிறுவனம் வினைலால் ஆன, 33⅓ சுற்று நெடுநேரத் தட்டை வெளியிட்டது. பன்னிரண்டு அங்குலச் சதுர அட்டை ஓவியருக்கும் எழுத்தருக்கும் ஒருசேரக் கிடைத்தது. இந்தியாவில் மட்டும் அரக்குத்தட்டு எளிதில் விடைபெறவில்லை. 1960களில் பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட அங்கே 78 சுற்றுத் தட்டாக வெளிவந்தன. சேகரிப்போர் இன்றும் அவற்றைத் தேடி அலைகின்றனர்.

மூன்று நிமிடத்திற்குள் ஆலாபனையையும் கீர்த்தனையையும் சுருக்கிப் பாடிவந்த கருநாடக இசைவாணர்க்கு எல்.பி. மூச்சுவிட இடம் தந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் அவ்வடிவில் பதிவானது. இத்தகைய தட்டுகளின் பின்னட்டையில் இராகம், தாளம், இயற்றியவர், வயலினும் மிருதங்கமும் வாசித்தவர் எனப் பலவும் இடம்பெற்றன. திரைப்பாடல் தட்டின் நிலை வேறு. பக்கத்திற்கு இரண்டு பாடலாக நான்கு பாடல் கொண்ட சிறு தட்டின் முகப்பை நாயகனும் நாயகியும் நிறைத்துக்கொண்டனர். பின்புறத்தில் பாடகரும் கவிஞரும் சிற்றெழுத்தில் ஒதுங்கினர். கருவி வாசித்தவர் பெயரோ பெரும்பாலும் இல்லை. விற்பனை கருதிய ஏற்பாடு என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். நாம் அதை முற்றும் ஏற்பதற்கில்லை.

மொழி ஆசிரியர்கள் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. முகப்பில் படத்தின் பெயர் அழகிய கைவண்ணத் தமிழ் எழுத்தில் இருக்க, பல உறைகளின் பின்புறத்தில் பாடலின் முதலடி ரோமன் எழுத்தில் அச்சாகியிருக்கும். கலை, காலை, களை, காளை ஆகிய நான்கும் அங்கே ஒரே உருவம் கொள்கின்றன. பழைய பட்டியல்களைத் தமிழில் மீட்டெழுதும்போது பிழைகள் புகுவதற்கு இதுவும் ஒரு காரணம். உறைகளின் படிகளை வகுப்பில் கொடுத்து, பாடலைக் கேட்டபின் முதலடியைத் தமிழில் எழுதச் செய்தால், குறில் நெடில் வேறுபாட்டிற்கு இதனினும் சுவையான பயிற்சி வேண்டுவதில்லை.

ஒலிநாடா பரவியதும் அந்தச் சதுர அட்டை உள்ளங்கை அளவாகச் சுருங்கியது, குறிப்புகளும் சுருங்கின. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மூத்த தலைமுறை அடுக்குமாடி வீடுகளுக்கு மாறும்போது தட்டுப்பெட்டிகள் பழம்பொருள் வணிகரிடம் செல்கின்றன. அவர் தேடுவது கீறலற்ற தட்டை. கறை படிந்த உறை முதலில் கழிக்கப்படுகிறது. வைத்திருப்போரையும் நம் தட்பவெப்பம் சும்மா விடுவதில்லை. ஈரக்காற்றில் அட்டை பூஞ்சை பிடிக்கும், ஒட்டிய ஓரம் பிரியும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தட்டு வளையும். செங்குத்தாக நிறுத்திவைப்பதே முறை. உறை மாறிப்போன தட்டுகளும் உண்டு. அப்போது வட்டச்சீட்டின் அருகே தட்டிலேயே பொறித்திருக்கும் எண்ணைக் கொண்டு இணை சேர்க்கவேண்டும். கண்ணுக்கு அகப்படாவிடில், தட்டைச் சாய்த்துப் பிடித்து விளக்கொளியில் மெல்லத் திருப்பினால் அது தெரியும்.