115200: இந்த எண் எங்கிருந்து வந்தது?

இங்கே ஹைதராபாத்தில் ஏ.எஸ். ராவ் நகர் தாண்டினால் ஈ.சி.ஐ.எல். ஸ்டாப் வரும். பலருக்கு அது வெறும் பஸ் ஸ்டாப். 1967-ல் ஏ.எஸ். ராவ் தலைமையில் ஆரம்பித்த மத்திய அரசு நிறுவனத்தின் பெயர் அது. டிராம்பேயில் வடிவமைத்த டி.டி.சி.-12 கணிப்பொறியை 1969 முதல் தயாரித்து விற்றவர்கள் இவர்கள்தான்.

அந்தக் காலத்தில் உலகமெங்கும் சின்னக் கணிப்பொறிகளோடு பேச டெலிபிரிண்டர்தான். நொடிக்குப் பத்து எழுத்து, அதாவது 110 பாட். பிரெஞ்சு தந்திக்காரர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்த அளவு.

எங்கள் வங்கி உலகத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை வந்தது, கிளைகளுக்குள் மெஷின் நுழைந்தது. பின்னாளில் பல கிளைகளில் ஒரு யுனிக்ஸ் சர்வர், கவுண்டருக்கு ஒரு டெர்மினல், நடுவே சீரியல் கேபிள். வேகம் பெரும்பாலும் 9600. செட்டிங் மாறினால் பேலன்ஸ் வர வேண்டிய இடத்தில் கிறுக்கல்தான் வரும்!

காரணம் எளிது. சீரியல் கேபிளில் எழுத்து மட்டும்தான் போகும், கடிகாரம் போகாது. இரண்டு முனைகளும் வேகத்தை முன்பே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, 115200-க்கு வருவோம். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் சீரியல் சிப்புக்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம். 16-ஆல் வகுத்தால் 115200. அதை 12-ஆல் வகுத்தால் 9600. பைசா மிச்சமில்லாத கணக்கு, என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்குப் பிடித்துப்போகும் :)

இன்றைய போர்டுகளில் கடிகாரம் வேறு வேறு. லினக்ஸ் எழும் முதல் நொடிகளில் திரை கிடையாது, நெட்வொர்க் கிடையாது. கெர்னல் நேராக சீரியல் சிப்பில் எழுதும். கடிகாரம் 24 மெகாஹெர்ட்ஸ் என்றால் 16-ஆலும் பிறகு 13-ஆலும் வகுக்க வேண்டும். கிடைப்பது சுமார் 115385. பிசகு 0.16 சதவீதம்தான், ஓடிவிடும். ஆனால் பழைய 1.8432 என்றே நம்பி 1-ஆல் வகுத்தால் வேகம் 15 லட்சம் பாட்! எதிர்முனைக்கு ஒன்றும் புரியாது.

2018-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசஸர் லினக்ஸை எழுப்பியது. இப்படி ஒரு புதுச் சில்லு எழும்போது, அது செத்துவிட்டதா, ஊமையாக இருக்கிறதா என்று சொல்ல இந்தக் கேபிள்தான் சாட்சி.

ஆகவே கிறுக்கல் வந்தால் போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். உயிர் இருப்பதால்தான் ஏதோ வருகிறது. முதலில் கடிகாரம் எவ்வளவு என்று பாருங்கள், பிறகு வகுத்துப் பாருங்கள்.